டீன் கட்சிக்கும் கொஞ்சம் வக்காலத்து

'வசூல்ராஜா எம்பிபிஎஸ்' (2004) டிவியில் எப்போது போட்டாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன். கிரேஸி மோகன் வசனம், கமல் - பிரபு கூட்டணி, சிரிப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் இப்போதெல்லாம் மருத்துவக் கல்லூரி டீனாக வரும் பிரகாஷ்ராஜ் பேசுவதைத்தான் கவனிக்கிறேன்.

மகளுக்கு ஆபரேஷன் செய்தால் கை நடுங்கும், பாசம் இல்லாத நோயாளிக்குச் செய்தால் நடுங்காது என்பது அவர் வாதம். படம் அவரை வில்லனாக்கிவிட்டது. மனுஷன் சொல்வது என்னவோ நியாயம்தான். சொந்த வீட்டு ஆட்களுக்குத் தாங்களே கத்தி எடுப்பதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பதும் இதனால்தானே?

அந்தக் கல்லூரியில் மாணவனாக வரும் ராஜா (கமல்) ஜெயிக்கும் இடம் வேறு. ஒருவன் உயிருக்குப் போராடும்போது, ஃபார்ம் நிரப்பினால்தான் சிகிச்சையா என்று கேட்கிறாரே, அங்கே டீனுக்காக நான் வாயே திறக்க மாட்டேன். உயிர் முதலில், சட்ட நடைமுறையெல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. படம் வந்ததே 15 வருஷம் கழித்து!

அதற்காக, ஆள் வைத்துப் பரீட்சை எழுதிய ராஜாவிடம் ஊசி போட்டுக்கொள்ள நான் தயாரில்லை. கட்டிப்பிடி வைத்தியம் மட்டும் என்றால் சரி.