வேலையா, மேல்படிப்பா? கண்டனூரிலிருந்து உல்ம் வரை

பி.டெக். கடைசி ஆண்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் போன் பண்ணிக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: வேலைக்குப் போகவா, மேலே படிக்கவா? ஜெர்மனியின் உல்ம் நகரில் முதுகலை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். என்னைக் கேட்டால், எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று தெரியாமல் மேல்படிப்புக்குக் கிளம்பக் கூடாது. எனக்கு அது வேலையில்தான் தெரிந்தது.

காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் படித்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட ஆய்வு நிலையம். வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஆய்வகங்கள். அங்கே படித்தால் ஆராய்ச்சி ஆசை தானாக வரும். கையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வேலை இருந்தது. மனசு ஜெர்மனியில் இருந்தது.

தடுத்தது பணம். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உல்ம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். அதைவிடப் பெரிசு பிளாக்டு அக்கவுண்ட். விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை அதில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. வந்தபின் மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும். வரும் என்றாலும், முதலில் சுமார் 11 லட்ச ரூபாய் புரட்ட வேண்டுமே.

ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கியில் ஈடு கேட்பார்கள். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் போனார்கள். கண்டனூரில் எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு; முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை எல்லாம் உண்டு. ஆனால் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு இரட்டை வீடு என்கிற அறைகள், அத்தனை பங்காளிகளுக்கும் பொதுவான, பிரிக்காத சொத்து. கோலாலம்பூரிலும் டெக்சாஸிலும் இருப்பவர்கள் உட்பட எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் அடமானம் ஆகும். மேலாளர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளைக்கு என்ன பணக்கஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆதங்கம்.

அன்று அப்பத்தா சொன்னது: "எங்க அப்பச்சி சின்னப் பையனாத்தான் ரெங்கூனுக்குப் போனாக. வட்டிக் கடையில பெட்டியடிப் பையனா, எடுபிடியா ஒக்காந்து, அடுத்தாளாகி, அப்புறந்தான் மேலாளு. வேலை பாத்துக்கிட்டேதான் அம்புட்டையும் படிச்சாக. நீயும் மொதல்ல சம்பாதி ஆத்தா."

வேலைக்குப் போனேன். மின்சார ஸ்கூட்டருக்கான பேட்டரி பேக் செய்யும் இடம். செல்கள் வெளியிலிருந்து வரும். அடுக்கி, பற்றவைத்து, சோதித்து அனுப்புவோம். ஒரே பெட்டியில் வந்த செல்களில் சில மட்டும் சீக்கிரமே திறன் இழந்துவிடும். ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் பார் என்பார்கள். உற்பத்தி ஓடும் இடத்தில் அதுதான் முறை. காரணம் தேட அங்கே நேரமும் கிடையாது, கருவியும் கிடையாது. நான் படிக்க வந்தது அந்தக் காரணத்தைத்தான். சம்பளத்தில் சேர்த்ததும் அப்பச்சி சேமிப்பும் ஈடு கேட்காத அளவில் ஒரு கடனுமாகப் பணம் சேர்ந்தது.

உல்முக்கு வந்ததும் முதல் வேலை நகராட்சியில் முகவரியைப் பதிவது. இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். அதனால் கிளம்புமுன்பே அறையை உறுதி செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாததும் குளிரும் தானாகப் பழகிவிடும்.

ஆய்வகத்தில் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டி ஒன்று. தடித்த ரப்பர் கையுறைக்குள் கையை நுழைத்து, உள்ளேயே சின்னஞ்சிறு செல் செய்ய வேண்டும். மின்வாய்த் தகட்டின் மேல் பிரிப்புத் தாளை இடுக்கியால் வைக்கும்போது அது ஒட்டிக்கொண்டு மடங்கும். மடங்கினால் செல் போச்சு. ஈரம் பட்டால் மின்பகுளி கெட்டு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் உண்டாகும். குளிரில் வேகமாக சார்ஜ் ஏற்றிய ஒரு செல்லை அந்தப் பெட்டிக்குள்ளேயே பிரித்துப் பார்த்தேன். கறுப்புக் கிராஃபைட்டின் மேல் சாம்பல் நிறத்தில் லித்தியம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. செல் சாகும் வழிகளில் ஒன்று அது. நேராகக் கல்லூரியிலிருந்து வந்திருந்தால் அதைப் பாடமாக மட்டும் பார்த்திருப்பேன்.

முன்பே இன்னது ஆராய வேண்டும் என்று தெரிந்து, உதவித்தொகையும் கிடைத்த பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம், போகலாம். கூட்டாளிகள் போகிறார்கள் என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு; அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், முதல் செமஸ்டரில் பாடமே நேரத்தைத் தின்றுவிடும்.

பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம். இங்கே முனைவர் பட்ட ஆய்வும் பெரும்பாலும் சம்பளத்தோடுதான். இதைச் சொன்னபோது அப்பச்சி போனில் கேட்டது, "கடன் எவ்வளவு ஆத்தா பாக்கி?" வேலைக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். எது தவணையையும் கட்டவிட்டு, செல்லையும் பிரித்துப் பார்க்க விடுகிறதோ, அதற்குப் போவேன்.