பாயில் படிந்த எண்ணெய் வட்டம்

மின்விளக்கும் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் இல்லாமல், பழங்காலத்தவர் போல ஓர் இரவைத் தோப்பில் கழிக்க வேண்டும் என்பது எங்கள் ஆறு பேரின் இரண்டு வருட ஆசை. என் வீடு பல்லாவரத்தில். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ஊர் அது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் இந்த ஆசையை விட முடியவில்லை. மார்கழி முழுக்க மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தோம், தை மாதம் திருப்போரூர் பக்கம் நண்பரின் தோப்புக்குப் போனோம். கட்டையில் கோலைக் கடைந்து தீ எடுக்கப் பட்ட பாட்டைத் தனியாக எழுதுகிறேன். இங்கே விளக்கைப் பற்றி மட்டும்.

முதல் ஒத்திகையில் கோரைப்பாயின் மேல் நான்கு அகல்களை ஏற்றி வைத்தோம். சுடர் அழகாக நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து ஓர் அகலைத் தூக்கினேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த வட்டம். சுட்ட மண் எண்ணெயைக் குடித்துக் கீழே கசியவிட்டிருந்தது. குனிந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. திரியின் நுனி விளிம்பைத் தாண்டித் தொங்கியது. அதன் வழியாக எண்ணெய் ஊறி, அகலின் வெளிப்புறத்தில் சொட்டாகத் திரண்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெய் தனியாக இருந்தால் லேசில் பற்றாது. கோரையிலோ துணியிலோ ஊறிவிட்டால் அந்தக் கோரையே திரியாகிவிடும். அன்று ஒரு கங்கு விழுந்திருந்தால் பாயே எரிந்திருக்கும். அன்றிலிருந்து நான் சுடரைப் பார்ப்பதைவிட எண்ணெய் எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

இப்போது அகல்களை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்திய பிறகே எண்ணெய் விடுகிறோம். கசிவு வெகுவாகக் குறைகிறது. அகன்ற மண்தட்டில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, அதன் நடுவில் அகலை வைக்கிறோம். திரி விளிம்புக்கு மேலே ஒரு நெல் அளவு நீட்டியிருந்தால் போதும். பழைய வீடுகளில் சுவரைக் குடைந்து மாடம் வைத்ததன் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றும் முந்தானையும் குழந்தையின் கையும் சுடரை அண்டாத இடம் அது.

எண்ணெய்களில் விளக்கெண்ணெய்க்கே என் ஓட்டு. நிதானமாக எரிகிறது. இலுப்பெண்ணெய் தை மாதப் பின்னிரவில் நெய்போல உறைந்து, சுடர் சுருங்கிவிட்டது. புன்னையெண்ணெயின் புகை கண்ணைக் கரித்தது. ஒருவர் அரிக்கேன் விளக்கு கொண்டுவரலாமா என்றார். காலத்துக்குப் பொருந்தாது என்பது ஒரு பக்கம். மண்ணெண்ணெய் 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும், விளக்கெண்ணெய் 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொன்னதும் அவரே விட்டுவிட்டார்.

கீற்றுக் குடிசைக்குள் விளக்கு ஏற்றலாம் என்ற யோசனைக்கு மட்டும் நான் இடமே கொடுக்கவில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 பள்ளிக் குழந்தைகளைக் கொண்டுபோனது. குடிசையில் இருட்டில் படுத்தோம். விளக்குகளைப் பதினைந்து அடி தள்ளி, சருகைக் கூட்டி அகற்றிய வெறுந்தரையில் வைத்தோம்.

பந்தம் பிடிக்கும் விதத்தை மயிலாப்பூர் மாடவீதியில் தீவட்டி தூக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "நேராகத் தூக்காதீர்கள் தம்பி, எண்ணெய் கைக்கு இறங்கும். முன்னால் சாய்த்துப் பிடியுங்கள், சொட்டுவது தரையில் விழட்டும்" என்றார். தோப்பில் அப்படியே பிடித்தோம். இரண்டு ஆள் இடைவெளி விட்டு நடந்தோம். பாலியஸ்டர் கலந்த வேட்டியோடு வந்தவரைப் பருத்திக்கு மாற்றச் சொன்னோம். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவில் 1840-க்கு முந்தைய காலத்தைப் போல வாழ்ந்து பார்க்கும் முகாம்களில் கூடாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் வைக்கும் வழக்கம் உண்டு. நாங்கள் வாளியோடு ஈரச் சாக்கையும் சேர்த்தோம். எரியும் எண்ணெய்யில் தண்ணீர் ஊற்றினால் தீ தெறித்துப் பரவும், சாக்கைப் போட்டு மூடத்தான் வேண்டும். இருட்டில் சாக்கு எங்கே என்று ஒவ்வொருவரையும் தேடச் சொன்னேன். இருவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பின் சாக்கு வாளியின் விளிம்பிலேயே தொங்கியது. சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும், பற்பசையோ மையோ தடவக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். 101-ஐ அழைக்க ஒரு கைபேசி மட்டும் பையில் இருந்தது.

நான் ஏமாந்தது அடுப்பில். இரவு மணலைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் குச்சியால் கிளறினால், மணலுக்கடியில் கங்கு செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. வெறுங்காலோடு யாராவது மிதித்திருந்தால்? தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு அடங்கிய பிறகே கிளம்பினோம்.

மாசியில் அடுத்த முகாம். அதற்குள் களிமண்ணில் கையால் தூக்கிச் செல்லும்படியான ஒரு மாடம் செய்ய வேண்டும். முதலில் செய்தது நிழலில் காய்கிறது, பின்சுவரில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. வைக்கோலைப் பொடியாக நறுக்கிப் பிசைந்து இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறேன்.