லேண்ட்ஸ் எண்ட் முனையும் நாள்காட்டியும்

மும்பை பாந்த்ராவின் கடலோர முனையான லேண்ட்ஸ் எண்டுக்குப் போக, ‘பேண்ட்ஸ்டாண்ட்’ என்று அந்தக் கடற்கரைச் சாலையின் பெயரை மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் ஷாருக் கான் வீட்டெதிரே இறக்கிவிட வாய்ப்புண்டு. ‘கோட்டை, லேண்ட்ஸ் எண்ட்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாட்டுங்கா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆட்டோ தேடி நிற்க வேண்டாம், அங்கே ஆட்டோவுக்கு அனுமதியே கிடையாது. மாட்டுங்கா ரோடில் ஸ்லோ ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் பாந்த்ரா. மேற்குப் பக்கம் வெளியே வந்து மீட்டர் போடச் சொல்லுங்கள்.

லேண்ட்ஸ் எண்ட், அதாவது நிலம் முடிகிற இடம் என்பது ஆங்கிலப் பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலும் இதே பெயரில் ஒரு முனை உண்டு. 1640-ல் இங்கே காவல் கோட்டை கட்டிய போர்த்துக்கீசியர் வைத்த பெயர் காஸ்டெல்லா டி அகுவாடா. ‘அகுவா’ என்றால் தண்ணீர். கப்பல்கள் குடிதண்ணீர் பிடித்துக்கொள்ள இங்கே ஊற்று இருந்தது. கோவாவின் அகுவாடா கோட்டைக்கும் இதே காரணம்தான். உப்புக்காற்றில் நிற்கிற ஒரு பாறைக்கு நல்ல தண்ணீரின் பெயர்! எனக்கு இதுதான் பிடித்த பெயர். கோட்டையில் இன்று மிச்சமிருப்பது வாசல் வளைவும் கொஞ்சம் சுவரும். தெற்கே பார்த்தால் மாஹிம் வளைகுடா, அதைத் தாண்டி வொர்லி, நடுவே 2009-ல் திறந்த கடல் பாலம்.

கவனிக்க வேண்டியது கீழே உள்ள கரும்பாறைகளை. அங்கே எப்போது இறங்கலாம் என்று தெரிய கையில் தமிழ் நாள்காட்டி இருந்தால் போதும், திதியைப் பாருங்கள். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடல் ஏறும், சாயங்காலம் ஆறு மணிவாக்கில் நன்றாக வற்றியிருக்கும். மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இப்படித் தள்ளித் தள்ளி அஷ்டமிக்கு வந்தால் அதே ஆறு மணிக்கு ஏற்றம். மராத்தியில் ஏற்றம் ‘பர்தி’, வற்றம் ‘ஓஹோட்டி’. ‘பர்தி’ என்று யாராவது கத்தினால் கேள்வி கேட்காமல் மேலே ஏறுங்கள். தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. நிற்கிற பாறைக்குப் பின்னால் உள்ள பள்ளம் முதலில் நிரம்பி, திரும்பும் வழியை அடைத்துவிடும். பச்சைப் பாசி படிந்த பாறையில் ரப்பர் செருப்பு நிற்காது. மழைக்காலத்தில் திதியெல்லாம் பார்க்க வேண்டாம், பாறைப் பக்கமே போகாதீர்கள்.

செப்டம்பர் 8-ஐ அடுத்த ஞாயிறு தொடங்கி ஒரு வாரம், பக்கத்து மேட்டில் உள்ள மவுண்ட் மேரி மாதா கோயில் திருவிழா. அப்போது ஆட்டோ மேடேறாது, நடைதான்.