இதர செலவுகள்

பிரசவக் கட்டணம் நீக்கப்பட்ட பிறகு குடும்பங்களின் கைச்செலவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, ஒரு மாமியாருக்கு நான் சொன்ன பதில் இன்றும் மனத்தை உறுத்துகிறது. "ஆஸ்பத்திரியில் எங்களிடம் பணம் எதுவும் வாங்கவில்லை" என்று அவர் சொன்னதும் கட்டணத்துக்கு நேரே பூஜ்யம் போட்டேன். வெளியில் வாங்கிய மருந்து, கையுறை, நள்ளிரவில் பிடித்த வண்டி, துணைக்கு இருந்தவர்களின் சாப்பாடு என்று வரிசையாகக் கேட்டு எழுதிவிட்டு எழப் போனபோது, "வண்டிக்கு வாங்கின கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறோமே அம்மா, அதை எங்கே எழுதினீர்கள்?" என்றார். "அது இந்தக் கணக்கில் வராதும்மா" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. வண்டி வாடகையை எழுதிய பிறகு கடனையும் எழுதினால் ஒரே பணம் இருமுறை ஏறிவிடும். வட்டி அப்படியல்ல, அது தனிச் செலவுதான்; ஆனால் கட்டணம் இருந்த காலத்துக் கணக்கெடுப்பில் அதைக் கேட்காததால், இப்போது மட்டும் சேர்த்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

கட்டண நீக்கத்தைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனமில்லை. கானாவில் 2003-இல் சில மண்டலங்களில் தொடங்கி 2005-இல் நாடு முழுவதற்கும் விரிந்த பிரசவக் கட்டண விலக்கு, அரசுப் பணம் ஒழுங்காக வந்து சேராததால் தடுமாறி, பல இடங்களில் தாய்மார்களிடம் மறுபடியும் கட்டணம் கேட்கப்பட்டது. அந்தப் பூஜ்யத்தை நிலைக்க வைப்பதே பெரும்பாடு. ஆனால் இந்தியாவில் 2011-இல் வந்த திட்டம் மருந்து, பரிசோதனை, உணவோடு போக்குவரத்தையும் இலவசமாக்கியது என்றால், வண்டியும் பிரசவச் செலவுதான் என்பது அதை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியை ஒப்புக்கொண்டவர்கள் அதன் வட்டியை எங்கே நிறுத்துவது?

பிரசவச் செலவு குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் தாங்க முடியாத சுமை என்பது எங்கள் கணக்கெடுப்பின் அளவுகோல். அந்த மாமியாரின் வீட்டார் அதற்குக் கீழே நின்றதால், பாதுகாக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்றாகப் பதிவானார்கள். வட்டியைச் சேர்த்திருந்தால் கோட்டைத் தாண்டியிருப்பார்களா என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்க்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை, எவ்வளவு வட்டி என்று நான் கேட்கவே இல்லை. எழுதக் கூடாது என்றுதான் விதி இருந்தது, கேட்கக் கூடாது என்று இல்லை. படிவத்தின் கடைசியில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி காலியாகக் கிடந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, கையொப்பத்துக்காகப் பேனாவை அவரிடம் நீட்டினேன்.