இறங்கியதும் மறையும் வலி

யு-2 உளவு விமானம் 70,000 அடிக்கு மேல் பறக்கும். அதன் காக்பிட்டில் பல்லாண்டுகளாக இருந்த காற்றழுத்தம் சுமார் 29,000 அடி உயரத்துக்கு உரியது. அது கடல் மட்ட அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திசுக்களில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகப் பிரிந்து, அழுத்தக் குறைவு நோயை (decompression sickness) உண்டாக்கலாம். பிற்பாடு காக்பிட் அழுத்தத்தைக் கூட்டி, அதற்குரிய உயரத்தை 15,000 அடி அளவுக்குக் குறைத்தார்கள்.

நைட்ரஜனை முன்கூட்டியே வெளியேற்ற, புறப்படுமுன் விமானி ஒரு மணி நேரம் தூய ஆக்சிஜன் சுவாசிப்பார். விமானம் வரை நடக்கும்போதும் ஆக்சிஜன் பெட்டி கூடவே போகும். இடையில் தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியைத் திறந்து நாலு மூச்சு வெளிக்காற்று இழுத்தாலே அதுவரை பட்ட பாட்டில் ஒரு பகுதி வீண்.

நோய் வந்தால் முழங்கால், தோள், முழங்கை வலிக்கும். தலைவலி, பார்வைக் குறை, குழப்பம், கை கால் மரத்தல் என்றால் மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்பட்டிருக்கலாம். கீழே வரவர அழுத்தம் கூடிக் குமிழி சுருங்கும், வலியும் பெரும்பாலும் போய்விடும். மருத்துவர்களான எங்களை ஏமாற்றுவது இந்த இடம்தான். குமிழி உரசிய இரத்தக்குழாயின் உட்சுவர் புண்ணாகி, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அங்கே ஒட்டத் தொடங்கியிருக்கும். சில மணி நேரம் கழித்து அறிகுறி திரும்பலாம். பறக்கும் தகுதி போய்விடுமோ என்ற அச்சத்தில் விமானி வாய் திறக்க மாட்டார். அதனால் "வலிக்கிறதா?" என்பதோடு நிறுத்தாமல், "மேலே வலித்ததா, எந்த மூட்டு, எப்போது விட்டது?" என்றும் கேட்க வேண்டும்.

மூட்டு வலி மட்டும் வந்து இறங்கும்போதே விட்டிருந்தால், இரண்டு மணி நேரம் 100 சதவீத ஆக்சிஜன், பிறகு 24 மணி நேரக் கண்காணிப்பு. வார்டில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் மாஸ்க் போதாது. ஓரங்களில் காற்று கலந்து சதவீதம் பாதியாகிவிடும். முகத்தோடு இறுகும் விமானி மாஸ்க் வேண்டும். வலிக்கு நைட்ரஸ் ஆக்சைடு கலந்த வாயு கொடுக்கவே கூடாது. அது குமிழிக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும்.

தரையிலும் வலி நீடித்தாலோ நரம்பு அறிகுறி தென்பட்டாலோ, காற்றழுத்தத்தைக் கூட்டும் மூடிய அழுத்த அறைதான். அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் சிகிச்சை அட்டவணைப்படி 60 அடி ஆழ அழுத்தம், அதாவது 2.8 வளிமண்டலம். அங்கே 20 நிமிட ஆக்சிஜனும் 5 நிமிடக் காற்றும் மூன்று முறை. காற்று இடைவேளை ஆக்சிஜன் நச்சால் வலிப்பு வராமல் காக்கத்தான். அரை மணி நேரத்தில் 30 அடி ஆழ அழுத்தத்துக்குக் குறைத்து, 15 நிமிடக் காற்று, 60 நிமிட ஆக்சிஜன் என்று இரண்டு சுற்று. தரை அழுத்தத்துக்கு வர இன்னும் அரை மணி. மொத்தம் 4 மணி 45 நிமிடம். அறையை விட்டு வந்ததும், மறுநாளும், நரம்புப் பரிசோதனையை முதலிலிருந்து செய்து பழைய குறிப்போடு ஒப்பிடுகிறோம்.