நேட் வகை 3: ஒரு கேம் கன்சோலுக்காக வீட்டு நெட்வொர்க்கைச் சீர்செய்த கதை

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் சேலத்தில் இருக்கும் அவளுடைய மாமா மகனும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் பிளேஸ்டேஷன் 5-இல் சேர்ந்து ஆடுவது இரண்டு ஆண்டுப் பழக்கம். திருச்சியிலேயே நாங்கள் வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்து, புதிய ஃபைபர் இணைப்பு வாங்கிய வாரத்திலிருந்து அது நின்றுபோயிற்று. அவள் அழைப்பு அனுப்புவாள், அவன் ஏற்பான், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு இணைப்புத் தோல்வி என்ற செய்தி வரும். "அப்பா, கிளாஸ் பசங்களோட ஆடினா ஒண்ணும் ஆகல. இவன் மட்டும்தான் உள்ளயே வர மாட்டேங்குறான்" என்று அவள் சொன்னாள். கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கான துப்பு அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்ததை நான் மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

இணைப்பு கொடுத்த நிறுவனத்தில் புகார் சொன்னதும் ஒரு தம்பி வந்தார். தன் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்து, 94 எம்.பி.பி.எஸ். என்று காட்டி, "ஸ்பீடு ஃபுல்லா வருது சார், கன்சோல்லதான் ஏதோ பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எதை அளக்கும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்களோ அதைச் சரியாக அளந்தார். ஆனால் பெரும்பாலான ஆன்லைன் ஆட்டங்கள் ஓடும்போது ஒரு எம்.பி.பி.எஸ்.கூடச் செலவாவதில்லை. ஆட்டத்தின் கோப்பைப் பதிவிறக்கத்தான் வேகம் தேவை. ஆடுவதற்கு வேண்டியவை இரண்டு: வெளியிலிருந்து நம் கன்சோலை அடைய ஒரு வழி, அந்த வழியில் தாமதம் ஒரே சீராக இருப்பது. வேகச் சோதனை இந்த இரண்டைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

கன்சோலே சொல்லிவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணைய இணைப்பைச் சோதித்தால், கடைசி வரிகளில் நேட் வகை என்று ஓர் எண் தெரியும். எங்கள் வீட்டில் அது 3. பிளேஸ்டேஷனில் 1 என்றால் நடுவே ரூட்டரே இல்லை, 2 என்றால் ரூட்டர் வழியாக ஒழுங்காக இணைந்திருக்கிறது, 3 என்றால் வெளியிலிருந்து யாரும் எளிதில் நெருங்க முடியாது. எக்ஸ்பாக்ஸில் இதையே ஓபன், மாடரேட், ஸ்டிரிக்ட் என்றும், நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஆங்கில எழுத்துகளாலும் குறிக்கிறார்கள்.

நேட் என்பதை எங்கள் அடுக்ககத்தின் காவலாளியை வைத்து மகளுக்கு விளக்கினேன். கட்டடத்துக்கு முகவரி ஒன்றுதான், வீடுகள் இருபது. நம் வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போய் ஓர் ஆளை வரச் சொல்லியிருந்தால், அந்த ஆள் வரும்போது காவலாளி நினைவு வைத்திருந்து மேலே அனுப்புவார். யாரும் சொல்லாமல் ஒருவர் வந்து நின்றால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். ரூட்டர் செய்வது இதையேதான். நடுவில் சர்வர் இருக்கும் ஆட்டங்களில் கன்சோலே சர்வரைத் தேடிப் போவதால் சிக்கல் வருவதில்லை. கன்சோலும் கன்சோலும் நேராகப் பேசிக்கொள்ளும் ஆட்டங்களில், ஒருவர் மற்றவரின் வாசலில் வந்து நின்றாக வேண்டும். இரண்டு பக்கமும் வகை 3 ஆக இருந்தால் இரண்டு காவலாளிகளும் இருவரையும் திருப்பி அனுப்புவார்கள். சேலத்தில் பையனின் கன்சோலைச் சோதிக்கச் சொன்னேன்; அங்கும் வகை 3. வகுப்புத் தோழர்களின் வீடுகளில் வகை 2. மகள் முதல் நாளே சொன்னது அதுதான்.

இது புரிவதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை முழுவதையும் போர்ட் ஃபார்வர்டிங்கில், அதாவது போர்ட் என்ற எண்ணிட்ட வாசல்களுக்கு வருவதைக் கன்சோலுக்கே அனுப்பும்படி ரூட்டரில் பதிவதில், செலவழித்திருந்தேன். பிளேஸ்டேஷனுக்கு, டி.சி.பி. என்ற தகவல் அனுப்பும் முறையில் 3478 முதல் 3480 வரையும், யு.டி.பி. என்ற இன்னொரு முறையில் 3478, 3479-உம். எக்ஸ்பாக்ஸாக இருந்தால் முக்கியமாக 3074. கன்சோலின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) வைத்து அதற்கு ஒரு நிலையான உள் முகவரியை ஒதுக்கி, எண்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, ரூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். வகை 3 அப்படியே இருந்தது. செய்த வேலையில் பிழை இல்லை, செய்த இடம்தான் தவறு. நம் ரூட்டருக்கு வெளியுலகம் கொடுத்திருக்கும் முகவரி எது என்பதைப் பார்க்காமல் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்கக் கூடாது என்பதை இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐ.பி., அதாவது வெளிப்பக்க முகவரி, என்ற வரியில் 192.168.1.4 என்று இருந்தது. அது வீட்டுக்குள் புழங்கும் முகவரி. அதாவது, வாசலருகே சுவரில் மாட்டியிருந்த ஃபைபர் பெட்டி, ஓ.என்.டி. என்று சொல்வது, தானே ஒரு ரூட்டராகவும் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என்னுடைய ரூட்டர் இரண்டாவது காவலாளியாக நின்றிருக்கிறது. அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து அதன் வேன் முகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. அந்த இடத்தில் எனக்கு முழுக் கதையும் விளங்கிவிட்டது.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012-இல் இணைய நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பழைய ஐ.பி. முறையில் மொத்தம் இருப்பதே ஏறக்குறைய 429 கோடி முகவரிகள். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான கையிருப்பும் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் பிறகு வந்த நிறுவனங்கள், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்கு சி.ஜி.நேட் என்று பெயர். எங்கள் காவலாளிக்கும் அப்பால், தெருமுனையில் இன்னொரு வாயிலும் இன்னொரு காவலாளியும் இருப்பதைப் போன்றது இது. நம் வீட்டு ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அந்தக் காவலாளிக்குச் செய்தி போகாது. வேன் முகவரி 10 என்றோ 192.168 என்றோ மேற்சொன்ன 100 வரிசையிலோ தொடங்கினால், அல்லது ரூட்டர் காட்டும் முகவரியும் வெளி இணையதளம் காட்டும் முகவரியும் வேறாக இருந்தால், சிக்கல் கன்சோலில் இல்லை.

வாடிக்கையாளர் சேவையில் சி.ஜி.நேட் என்று சொன்னால் எதிர்முனையில் மௌனம்தான் வந்தது. ஸ்டேடிக் ஐ.பி., அதாவது நமக்கென்றே மாறாத ஒரு பொது முகவரி, வேண்டும் என்று கேட்டதும் உடனே புரிந்துகொண்டார்கள். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடும் என்றார்கள், சம்மதித்தேன். கூடவே ஓ.என்.டி.யை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொன்னேன். அப்படி மாற்றினால் அந்தப் பெட்டி ஒளிக் குறிகளை மின் குறிகளாக மாற்றுவதோடு நின்றுவிடும். நிறுவனத்தின் நெட்வொர்க்கில் உள்நுழையும் வேலையை நம் ரூட்டர் ஏற்றுக்கொள்ளும். இங்கே ஓர் எச்சரிக்கை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தேன். நிறுவனம் தன் இணைப்புகளைப் பிரித்தறிய வைத்திருக்கும் வீலேன் எண் என்று ஒன்றையும் ரூட்டரில் பதிய வேண்டியிருந்தது எனக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிடம் வீட்டில் இணையமே இல்லை. மாற்றச் சொல்வதற்கு முன்பே அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு வந்ததும் ரூட்டரில் யு.பி.என்.பி. வசதியை இயக்கினேன். கன்சோல் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே கேட்டுத் திறந்துகொள்ள அது உதவும். வீட்டில் இரண்டு கன்சோல்கள் இருந்தால் கையால் பதிவதைவிட இதுவே மேல், ஏனென்றால் ஒரு போர்ட்டை ஒரே கருவிக்குத்தான் கையால் ஒதுக்க முடியும். வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பிவிடும் டி.எம்.இசட். என்ற பகுதியில் கன்சோலைப் போட்டுவிடச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். உள் முகவரி ஒருநாள் மாறி அந்த இடத்துக்கு ஒரு கணினி வந்துவிட்டால், அதன் கதவுகள் அத்தனையும் திறந்து கிடக்கும்.

சோதனையில் வகை 2 வந்தது. சேலத்தில் எதையும் மாற்றவில்லை, அங்கே இன்னும் வகை 3தான். இருந்தும் அன்று இரவே பையன் உள்ளே வந்துவிட்டான்.

ஆனால் ஒன்பது மணி வாக்கில் வேறொரு தொல்லை தலைகாட்டியது. ஆட்டத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று நின்று, இரண்டு நொடி கழித்துச் சுவரில் மோதிக் கிடக்கும். மடிக்கணினியில் பிங், அதாவது ஒரு செய்தி போய்வரும் நேரத்தை மில்லிவினாடியில் அளக்கும் சோதனையை, ஓடவிட்டு உட்கார்ந்தேன். 11, 12, 11 என்று போய்க்கொண்டிருந்த எண் சட்டென்று 240 ஆகி, 380 வரை ஏறி, நான்கு நிமிடம் அங்கேயே நின்று, மறுபடி 11-க்கு இறங்கியது. அந்த நான்கு நிமிடத்தில் என் மனைவியின் கைப்பேசி, பள்ளியில் அன்று எடுத்த காணொளிகளை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். வெளியே போகும் வழி நிறைந்துவிட்டால், கருவிகள் தகவல் பொட்டலங்களை வரிசையில் குவித்து வைக்கின்றன. காணொளிக்கு அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டில்லை. ஆனால் கார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும் சிறு பொட்டலமும் அதே வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற முறையும் அதன் வழிவந்தவையும் இதைத் தீர்க்கின்றன. ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்து வரிசையைக் குறுக்குகின்றன. சில ரூட்டர்களில் எஸ்.கியூ.எம். என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. அதை இயக்கி, அளந்த வேகத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை உச்சவரம்பாகக் கொடுத்தேன். வரம்பு வைத்தால்தான் வரிசை நம் ரூட்டரில் சேரும், அதை நாம் ஒழுங்குபடுத்த முடியும். மறுநாள் இரவு காணொளிகள் ஏறும்போதும் பிங் 20-ஐத் தாண்டவில்லை. இந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த மாற்றம் இதுதான். பத்து சதவீத வேகம் போனதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

கன்சோலுக்கு லேன் கேபிள் இழுத்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது, அதில் 2.4 மட்டுமே உண்டு. டி.என்.எஸ். முகவரியை மாற்றினால் பிங் குறையும் என்று பலர் சொல்கிறார்கள். டி.என்.எஸ். என்பது, ஆட்டத்தின் சர்வருடைய பெயரை முகவரியாக மாற்றிக் கொடுப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. ஆட்டம் நடக்கும்போது அதற்குப் பங்கே இல்லை.

மகள் ஆடும் இன்னோர் ஆட்டத்தின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது என்று வைத்தால், போய்வர மட்டும் 29 மில்லிவினாடி. கேபிளின் வளைவும் நடுவில் உள்ள கருவிகளும் சேர்ந்து எங்களுக்கு ஐம்பதை ஒட்டி வருகிறது. "இன்னும் கம்மி பண்ண முடியாதாப்பா?" என்று கேட்டாள். முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பயனர் பெயர், வீலேன் எண், கன்சோலுக்கு ஒதுக்கிய முகவரி, எஸ்.கியூ.எம். வரம்பு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி ரூட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். வரும் பள்ளி விடுமுறையில் சேலம் போகும்போது, அந்த வீட்டு ஓ.என்.டி.யின் வேன் முகவரியைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.