பனியோரக் குரோக்கஸ் முதல் மாந்தளிர் வரை: வசந்தத்தைப் படமெடுக்கப் புறப்படுகிறவர்களுக்கு

வசந்தகாலப் பயணப் படங்களில் பாதிக்கு மேல் எந்த ஊரில் எடுத்தவை என்றே தெரியாது. மங்கிய பின்னணி, நடுவில் ஒரு பூ, அவ்வளவுதான். பூ அழகாகவே இருக்கும். ஆனால் அது பனி உருகி வந்ததா, மழை பெய்து வந்ததா, வறட்சியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்ட மரத்தில் வந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தட்பவெப்பத்திலும் வசந்தத்தை எழுப்புவது வேறு வேறு காரணம். அந்தக் காரணம் பூவோடு சேர்ந்து ஃப்ரேமுக்குள் வந்தால்தான் அது வசந்தத்தின் படம். எந்த நாளில் போய் நிற்க வேண்டும் என்பதையும் அதே காரணம்தான் தீர்மானிக்கிறது.

முதலில் தேதி. குளிர் மிதவெப்ப நாடுகளில் வசந்தம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுகிறது. வட அமெரிக்காவை வைத்து ஹாப்கின்ஸ் என்ற பூச்சியியலாளர் 1918-ல் வெளியிட்ட கணக்கு இன்றும் கைகொடுக்கும்: அட்சரேகையில் ஒரு பாகை வடக்கே போனால் 4 நாள் தாமதம், 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர், மேலே ஏறினால் இன்னொரு 4 நாள் தாமதம். பயணத் தேதி தப்பிப்போனவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கீழே பூ முடிந்துவிட்டதா? 600 மீட்டர் ஏறுங்கள், ஏறக்குறைய 20 நாள் பின்னோக்கிப் போய்விடலாம். வட அரைக்கோளத்தில் தெற்கு பார்த்த சரிவு முந்தும், வடக்கு பார்த்த சரிவு பிந்தும். ஒரே மலையின் இரண்டு பக்கமும் வேறு வேறு வாரத்தில் இருக்கும்.

ஆல்ப்ஸ் மேய்ச்சல் நிலங்களில் குரோக்கஸ் தேடும்போது பூவைத் தேட வேண்டாம், பனியின் விளிம்பைத் தேடுங்கள். பனி பின்வாங்கிய சில நாட்களுக்குள், சப்பையாக ஒட்டிக் கிடக்கும் போன வருடப் பழுப்புப் புல்லைத் துளைத்துக்கொண்டு வெள்ளையும் ஊதாவுமாக வெளியே வரும். அந்தப் பழுப்புப் புல்லை அசிங்கம் என்று விலக்கிச் சுத்தம் செய்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. குரோக்கஸ் வெப்பத்துக்குத் திறந்து குளிருக்கு மூடிக்கொள்ளும் பூ. விடியற்காலையில் போனால் மூடிய முகை கிடைக்கும். விரிந்த பூ வேண்டுமானால் வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் தேவை என்பதால் காலை முழுவதையும் ஒரே திட்டில் செலவழிப்பதே நல்லது.

பனி ஃப்ரேமில் பாதியை அடைத்தால் கேமராவின் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது சென்சாரில் பதியும் ஒளியின் அளவை, +1-லிருந்து +1.7 ஸ்டாப் வரை ஏற்றிப் பாருங்கள் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரு மடங்கு). ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது சுவரைத் தொடாமல் அதன் அருகே நின்றால் போதும். நிழல்பட்ட பனி நீலமாக வருவது இயல்பு; அதை முழுக்க வெள்ளையாக்கினால் பூ மஞ்சளடித்துப்போகும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டோடு வைத்திருங்கள். திரும்பி வந்து சூடான அறைக்குள் நுழைவதற்கு முன்பே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரமாவது கழித்துத் திறந்தால் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்திருக்கும், லென்ஸுக்குள் அல்ல.

மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைப் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். முழுச் சட்டக சென்சாரில் 1:1 உருப்பெருக்கத்தில் (பூவின் உண்மை அளவே சென்சாரில் விழும்போது) லென்ஸின் துளையை எஃப் 8-ல் வைத்தால், கூர்மையாக வரும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். பாதி உருப்பெருக்கத்தில் அது 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மகரந்தத்தாள் கூர்மையாக இருந்தால் இதழ் நுனி மங்கிவிடும். காற்று நின்றிருந்தால் 10 முதல் 20 படம்வரை ஃபோகஸை நகர்த்தி எடுத்து இணைக்கலாம்; காற்று வீசினால் இணைப்பு ஒட்டாமல் இரட்டை விளிம்பு வரும். அப்போது ஒரே படத்தில் ஷட்டரை 1/500 வினாடிக்கு ஏற்றி, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டுவதே மேல். ஐஎஸ்ஓ கூடியதால் புள்ளிபுள்ளியாகிவிட்ட படத்தைப் பின்னர் கொஞ்சம் சரிசெய்யலாம், அசைந்த பூவை ஒன்றும் செய்ய முடியாது.

பிரிட்டனின் புளூபெல் காடுகளுக்கு ஏப்ரல் இறுதியும் மே முதல் பாதியும். மரங்களின் இலை முழுக்க மூடி நிழல் விழுவதற்குள் பூத்து முடிக்க வேண்டிய அவசரம் அந்தப் பூவுக்கு. எனவே தரையில் நீலம், மேலே இன்னும் ஒளி ஊடுருவும் பீச் மரத்து இளந்தளிர், இரண்டும் ஒரே ஃப்ரேமில் வர வேண்டும். இங்கே எல்லோரையும் ஏமாற்றுவது நிறம். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், இலைவழியே வரும் பச்சை ஒளியை ஈடுகட்ட கேமரா சிவப்பூதாவைச் சேர்க்கும். நீலப்பூ கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். 5000 கெல்வின் அருகே கையால் நிறுத்தி, கேமரா பதப்படுத்தாத ரா (RAW) கோப்பாக எடுங்கள். அதன் பிறகும் நம் கண் கண்ட நீலம் அப்படியே வராது. திருத்தும்போது ஊதாவின் சாயலை மட்டும் கொஞ்சம் நீலத்தின் பக்கம் தள்ள வேண்டியிருக்கும். பூக்கள் நெருக்கமாகத் தெரிய உள்ளே இறங்கி நடக்கத் தேவையில்லை. பாதையில் முழங்கால் உயரத்துக்குக் குனிந்து 100 முதல் 200 மி.மீ. லென்ஸில் பார்த்தால் இடைவெளிகள் மறைந்து கம்பளமாகிவிடும். மிதிபட்ட இலையால் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாது, அந்தத் திட்டு தேற வருடக்கணக்காகும்.

வெப்பமண்டலத்தில் வசந்தம் இல்லை என்று சொல்கிறவர்கள் நடு இந்தியாவின் இலையுதிர் காடுகளைப் பிப்ரவரி, மார்ச்சில் பார்க்க வேண்டும். இங்கே வசந்தம் பச்சையாக வராது, வறண்டு வரும். காலடியில் சருகு நொறுங்க, ஓர் இலையும் இல்லாத கிளையில் புரசு கனலும். கிட்டே போய்ப் பாருங்கள்: கரும்பழுப்பு வெல்வெட்டாகப் புல்லிவட்டம், அதிலிருந்து கிளிமூக்காக வளைந்த செம்மஞ்சள் இதழ், அதன் முதுகில் பட்டு மாதிரி நுண்ரோமம். அந்த ரோமம் படத்தில் வர வேண்டும், பெரும்பாலும் வராது. காரணம், மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரிந்தாலும் சிவப்புச் சேனல் மட்டும் முன்பே நிரம்பி வழிந்துவிடும்; இதழ் வண்ணக் காகிதம் ஒட்டியதுபோல் தட்டையாகிவிடும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராமை இயக்கி, சிவப்பு சுவரில் முட்டாதவரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பெரும்பாலும் முக்கால் ஸ்டாப்பிலிருந்து 1 ஸ்டாப் வரை குறைக்க வேண்டியிருக்கும். காலை முதல் ஒரு மணி நேரத்தில் தேனுக்கு வரும் மைனாவும் தேன்சிட்டும் போனஸ்.

பூவைவிடத் தளிரைத்தான் நான் முதலில் எடுக்கச் சொல்வேன். மாந்தளிர் நிறம் என்று ஒரு நிறத்துக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. மாவும் அரசும் புதிதாக விடும் இலை செம்பு நிறத்தில், தொங்கிக்கொண்டு, ஒளி புகும் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். சில நாளில் பச்சையாகி விறைத்துவிடும். முன்னொளியில் எடுத்தால் மேற்பரப்பின் பளபளப்பு மட்டும்தான் கிடைக்கும். சூரியன் இலைக்குப் பின்னால் வரும்படி நில்லுங்கள், நிழலிலிருக்கும் அடிமரம் பின்னணியாகட்டும், ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை இலையின் மேலேயே வையுங்கள். நரம்புகள் தனித்தனியாக எரியும். லென்ஸ் ஹூட் கட்டாயம், இல்லையென்றால் கான்ட்ராஸ்ட் வெளுத்துவிடும்.

பாலையில் எல்லாம் தலைகீழ். தென்னாப்பிரிக்காவின் நமக்வாலந்தில் குளிர்கால மழைக்குப் பின் ஆகஸ்ட், செப்டம்பரில் டெய்சிகள் பூக்கின்றன. அதிகாலைப் பொன்னொளி இங்கே உதவாது; பூ மூடியிருக்கும். மேகமூட்டத்திலும் குளிர் நாளிலும் திறக்கவே திறக்காது. காலை பத்தரைக்கு மேல் மாலை நான்குக்குள், வெயில் அடிக்கும் நாளில்தான் வேலை. பூக்கள் சூரியனைப் பார்த்து நிற்கும், தென் அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும். ஆகவே வடக்கிலிருந்து தெற்காகப் பயணம் செய்தால் பூக்களின் முகம் உங்களைப் பார்த்திருக்கும். எதிர்த்திசையில் போனால் முதுகைத்தான் படமெடுப்பீர்கள். சிலியின் அட்டகாமாவில் மழை பெய்யும் அபூர்வ ஆண்டுகளில், பெரும்பாலும் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில், செப்டம்பர் முதல் நவம்பர் வரை இதே அதிசயம். 2015-ல் அப்படிப் பூத்தது. அங்கே நிலப்பரப்பில் ஒரு வெடித்த தரைத்திட்டையாவது விட்டுவையுங்கள். முழுக்கப் பூவாக இருந்தால் பாலைவனம் எங்கே என்று பார்ப்பவர் கேட்பார்.

ஆர்க்டிக்கிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் ஜூன் மாதம், சில சென்டிமீட்டர் உயரமே உள்ள ஊதா சாக்சிஃப்ரேஜ் பூ. சூரியன் மறையாது, நள்ளிரவில் வடக்கிலிருந்து தாழ்ந்து வரும் ஒளிதான் சிறந்தது. குடியிருப்புக்கு வெளியே துருவக்கரடிப் பாதுகாப்பு இல்லாமல் போகக் கூடாது. தரையில் படுத்து வியூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்குச் சுற்றிலும் என்ன வருகிறது என்று தெரியாது, எனவே காவலுக்கு வழிகாட்டி ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

ஜப்பானின் சகுராவை, அதாவது செர்ரிப் பூவை, எல்லோரும் எடுக்கிறார்கள். அதில் பரவலாக நடப்படும் சோமெய் யோஷினோ ஒட்டுக்கட்டி வளர்க்கும் ஒரே மரபணு வகை, அதனால்தான் ஓர் ஊரில் எல்லா மரமும் ஒன்றாகப் பூக்கிறது. மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ மலர்ந்தால் வானிலை முகமை பூப்பு தொடங்கியதாக அறிவிக்கும். 80 விழுக்காடு விரிந்தால் முழுப்பூப்பு. இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு வாரம். வெளிறிய பூவை வெள்ளை வானத்தோடு வைத்தால் சாம்பலில் கரைந்துவிடும், கரிய அடிமரத்தையோ நிழலையோ பின்னால் கொண்டுவாருங்கள். ஆனால் பலரும் முழுப்பூப்போடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று எண்ணுகிற தமிழ் அதோடு நிற்பதில்லை. வீ, செம்மல் என்று உதிர்வுக்கும் பெயர் வைத்திருக்கிறது. அந்த வீயை எடுக்க இன்னும் சில நாள் தங்குங்கள். வட ஜப்பானின் ஹிரோசாகி கோட்டை அகழியில் உதிர்ந்த இதழ்கள் நீரை மூடி மிதக்கும். முக்காலியை உறுதியாக ஊன்றி, போலரைசரைத் திருப்பி வானத்தின் பிரதிபலிப்பை வெட்டி, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு 10 முதல் 30 வினாடி ஷட்டரைத் திறந்து வையுங்கள். நீர் சுழலும் இடத்தில் இதழ்கள் வெண்சிவப்பு வட்டங்களாக இழுபடும், கரையோரக் கல்லில் ஒட்டியவை மட்டும் அசையாமல் கூர்மையாக நிற்கும்.